மூசையைத் தின்னும் காற்று: காரீய மூசை ஒட்சியேறுவதை அறியவும் தடுக்கவும் முழுமையான வழிகாட்டி

உலோகம் உருக்கும் பாத்திரமே மூசை. பலமுறை உலையேறி இறங்கிய மூசை ஒன்று நன்றாக ஆறியபின், அதன் வெளிப்புறத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். புதிதில் கறுப்பாக, தொட்டால் விரலில் மை ஒட்டும் உடம்பு அது. இப்போது வெளிறிய மண் நிறத்தில், பழைய சுவரின் சுண்ணாம்பு போல உதிர்கிறதா? அப்படியானால் அந்தத் தோல் எரிந்துவிட்டது. மூசைக்கு உயிராக இருந்த காரீயம் (கிராபைட்) வாயுவாகிக் காற்றோடு போய்விட்டது. அதைப் பிடித்து வைத்திருந்த களிமண் மட்டும் கூடுபோல மிஞ்சியிருக்கிறது.

கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையின் பித்தளைப் பட்டறைகள், கண்டி, ஹற்றன், பதுளை நகைத் தொழிலாளர், தேயிலை ரோலர் மேசைக்குப் பித்தளைப் பட்டிகளும் புஷ்களும் வார்க்கும் வேலைத்தளங்கள் எல்லோருக்கும் இந்தச் சேதம் பழக்கமானது. ஒரே நாளில் வாங்கிய இரண்டு மூசைகளில் ஒன்று மாதக்கணக்கில் உழைக்கும், மற்றது சில வார்ப்புகளிலேயே அடி ஓட்டையாகும். "சரக்கு சரியில்லை" என்று கடைக்காரரை நோகுமுன் பார்க்க வேண்டியவை இங்கே இருக்கின்றன. உயர்தரத்தில் இரசாயனவியல் படிப்பவர்களுக்கும் இது உதவும். பாடப்புத்தகத்து ஒட்சியேற்றத்தை (ஒட்சிசனோடு சேரும் தாக்கத்தை) கையில் பிடித்துப் பார்க்க மூசைத் துண்டைவிட மலிவான பொருள் கிடையாது.

மூசைக்குள் என்ன இருக்கிறது

காரீயம் என்பது கிராபைட். சிங்களத்தில் மினிரன். நம் நாட்டுக் காரீயம் பாறை வெடிப்புகளில் நரம்பு நரம்பாகப் படிந்தது. போகலையிலும் கஹட்டகஹவிலும் இன்றும் நிலத்தடிச் சுரங்கத்தில் எடுக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறிய இலங்கைக் காரீயத்தை ஐரோப்பிய, அமெரிக்க மூசைத் தொழிற்சாலைகள் விரும்பி வாங்கின. காரணம், காரீயம் வெப்பத்தை வேகமாகக் கடத்தும், உருகிய உலோகம் அதில் ஒட்டாது, திடீர்ச் சூட்டிலும் வெடிக்காது.

கடையில் இரண்டு வகை மூசை கிடைக்கும். முதல் வகை களி-காரீய மூசை. காரீயத்தைத் தீக்களிமண்ணோடு பிசைந்து வனைந்து சுட்டது. நூற்றுக்கு 30 முதல் 50 பங்கு காரீயம் இருப்பது வழக்கம். இரண்டாவது சிலிக்கன் காபைட்டு மூசை. சிலிக்கன் காபைட்டு மணிகளையும் காரீயத்தையும் பிசின் அல்லது தார் கொண்டு பிணைத்து, அந்தப் பிணைப்பையே காபனாகச் சுட்டது. முதலாவதில் பிணைப்பு மண், அது எரியாது. இரண்டாவதில் பிணைப்பே காபன். அது எரிந்தால் மூசை முழுதும் தளர்ந்துவிடும். இரண்டையும் ஒரே மாதிரிச் சூடேற்றுவதுதான் பட்டறைகளில் நடக்கும் முதல் தவறு.

இரண்டுக்கும் மேலே மெல்லிய கிளேஸ் பூச்சு இருக்கும். சூட்டில் உருகிக் கண்ணாடியாகி, காற்று உள்ளே புகாமல் நுண்துளைகளை மூடுவது அதன் வேலை. இதை அழகுக்குப் பூசியது என்று நினைத்துத் தரையில் உருட்டி வருபவர்கள், மூசையின் ஆயுளில் பாதியை உலையேறுமுன்பே தரையில் விட்டுவிடுகிறார்கள்.

எந்தச் சூட்டில் எது நடக்கிறது

பெரும் சூட்டில்தான் மூசை அதிகம் எரியும் என்று தோன்றும். அது பாதி உண்மை. மூசையின் உள்ளுடம்பைக் கெடுப்பது பெரும்பாலும் 500 முதல் 800 பாகை செல்சியசு வரையான நடுச்சூடு. (இனி வருவதெல்லாம் செல்சியசுப் பாகையே.)

காரீயம் காற்றில் ஏறத்தாழ 500 பாகையில் கண்டறியும் அளவுக்கு எரியத் தொடங்கும். 600க்கு மேல் வேகம் கூடும். 12 கிராம் காபன் 32 கிராம் ஒட்சிசனோடு சேர்ந்து 44 கிராம் காபனீரொட்சைட்டாகிப் பறந்துவிடும். சாம்பல்கூட மிஞ்சாது. அந்த இடத்தில் ஒரு வெற்றுத்துளை இருக்கும், அடுத்த ஒட்சிசனுக்கு அதுவே வாசல்.

நடுச்சூட்டில் தாக்கம் மெதுவாக நடப்பதால், ஒட்சிசன் வெளித்தோலிலேயே தீர்ந்துவிடாமல் துளைகள் வழியே ஆழமாகப் போகும். போகும் வழியெல்லாம் சிறிது சிறிதாகத் தின்னும். வெளியே பார்த்தால் மூசை கறுப்பாகவே இருக்கும், உள்ளே தளர்ந்திருக்கும். கிராபைட்டில் எடையின் பத்தில் ஒரு பங்கு இப்படி உடம்பு முழுதும் பரவலாக எரிந்தால், பலம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். இடுக்கியால் தூக்கும்போது திடீரென விளிம்பு உடைந்து வரும் மூசைகளில் பல இந்த வகைதான்.

சுமார் 900க்கு மேல் நிலைமை மாறும். தாக்கம் அவ்வளவு வேகமானதால் வரும் ஒட்சிசன் எல்லாம் மேற்பரப்பிலேயே செலவாகிவிடும். வெளியே தெளிவான வெள்ளைத் தோல் உருவாகும், உள்ளே உடம்பு பலமாகவே இருக்கும். கிளேஸும் இந்தச் சூட்டில் இளகி வழிந்து துளைகளை அடைத்திருக்கும். நடுச்சூட்டிலோ அது இன்னும் கட்டியாக, முன்பு குளிர்ந்தபோது விழுந்த மயிரிழை வெடிப்புகளோடு இருக்கும். காவல் விழிக்குமுன் கள்ளன் உள்ளே போய்விடுகிறான்.

சிலிக்கன் காபைட்டின் கதை வேறு. அது ஒட்சியேறினால் சிலிக்கா (மணலில் உள்ள பொருள்) ஆகும். 40 கிராம் சிலிக்கன் காபைட்டு முழுதும் மாறினால் 60 கிராம் சிலிக்கா கிடைக்கும், காபன் பகுதி வாயுவாகும். கன அளவு இரண்டு மடங்குக்குச் சற்று மேல் பெருக்கும். அந்தச் சிலிக்காப் படலமே மணியைப் போர்த்தி அடுத்த ஒட்சிசனைத் தடுக்கும். படலம் தடிக்கத் தடிக்க வேகம் குறையும். நல்ல குணம்தான், ஆனால் இரண்டு பலவீனங்கள் உண்டு. நீண்ட நேரச் சூட்டில் அந்தச் சிலிக்கா கிறிஸ்டோபலைற் என்ற பளிங்கு வடிவமாக மாறும். உலை ஆறும்போது 270 முதல் 200 பாகை வரையான இடைவெளியில் அது சட்டெனச் சுருங்கிப் படலத்தில் வெடிப்பு விடும். மற்றது நீராவி. ஈரக்காற்றில் சிலிக்கன் காபைட்டு உலர்காற்றில் இருப்பதைவிட வேகமாக ஒட்சியேறும்.

மலைநாட்டு ஈரம்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்கு அளவுதான், ஒட்சிசனும் அதே விகிதத்தில் குறைவு. இதனால் மூசை அதிக காலம் உழைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். புளோவர் வைத்த உலையில் காற்றுக்குப் பஞ்சம் வராது. தாழ்நிலத்தில் சரிசெய்த கேஸ் அல்லது டீசல் பர்னரை மேலே கொண்டுவந்தால் சுவாலை புகையும். அதைத் தெளிவாக்கக் காற்றைத் தேவைக்கு மிஞ்சித் திறந்துவிடுவார்கள். மிஞ்சிய ஒட்சிசன் நேரே மூசைக்குப் போகும்.

உயரத்தைவிட ஈரமே பெரிய எதிரி. மே முதல் செப்டெம்பர் வரை கினிகத்தேனை, வட்டவளை, ஹற்றன் பக்கத்தில் தென்மேல் பருவமழை. ஆண்டு முடிவில் பதுளைப் பக்கம் வடகீழ்ப் பருவமழை. சீமெந்துத் தரையில் வைத்த மூசை அந்த ஈரத்தை உறிஞ்சிக் கொள்ளும். சட்டெனச் சூடேற்றினால் நீர் ஆவியாகிக் கிளேஸைச் சில்லு சில்லாகத் தள்ளிவிடும். கிளேஸ் போன இடத்தில் அன்றே எரிப்பு தொடங்கும். முழு வெப்பத்தில் எஞ்சிய நீராவி காரீயத்தோடு தாக்கமுற்று காபனோரொட்சைட்டும் ஐதரசனுமாக மாறுவதும் உண்டு.

முதற்படி: வாங்கும்போதும் வைக்கும்போதும்

மூசையை ஒரு கையில் தொங்கவிட்டு மரத்துண்டால் மெல்லத் தட்டுங்கள். கணீர் என்றால் நல்லது. உடைந்த சட்டிபோல மந்தமாக ஒலித்தால் வெடிப்பு இருக்கிறது, அல்லது ஈரம் ஏறியிருக்கிறது. உலர்த்திவிட்டு மறுபடி தட்டுங்கள், அப்போதும் மந்தமானால் திருப்பிக் கொடுங்கள். உலைக்கு அருகே, தரையிலிருந்து உயர்த்திய பலகைத் தட்டில் வையுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க வேண்டாம். வாங்கிய திகதியைச் சோக்கால் பலகையில் எழுதி, பழையதை முதலில் எடுங்கள்.

இரண்டாம் படி: உலர்த்தல்

வெறும் மூசையைக் கவிழ்த்து, 110 முதல் 120 பாகையில் குறைந்தது இரண்டு மணி நேரம். மழைக்காலத்தில் நான்கு மணி நேரம். பிறகு மெதுவாக 200 பாகை வரை ஏற்றி அரை மணி நேரம் நிறுத்துங்கள். இந்த எல்லைக்குள் காரீயம் எரியாது, எனவே இங்கே பொறுமை காட்டுவதில் நட்டமில்லை. வெப்பமானி இல்லாவிட்டால், குளிர்ந்த கண்ணாடித் துண்டை மூசை வாய்க்கு அருகே ஒரு கணம் பிடியுங்கள். பனி படர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

மூன்றாம் படி: முதல் சூடு

200க்குப் பிறகு இரண்டு வகை மூசைக்கும் வழி பிரிகிறது. சிலிக்கன் காபைட்டு மூசையை வெறுமையாகவே, 400 முதல் 800 வரையான பகுதியில் எங்கும் நிறுத்தாமல், உலையின் முழு வேகத்தில் 900 முதல் 950 வரை கொண்டுபோங்கள். கிளேஸ் இளகி மேற்பரப்பு ஈரம்போல மினுங்கும்வரை அங்கே வைத்துவிட்டு உலோகம் இடுங்கள். களி-காரீய மூசைக்கு அவ்வளவு வேகம் ஆகாது, மண் பிணைப்பு வெடிக்கக்கூடும். சீராக, ஆனால் தேங்காமல் ஏற்றுங்கள். மூசையோடு வந்த தாளில் உற்பத்தியாளர் வேறு வேகம் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

மெதுவாக எரியும் அடுப்பில் காலையில் மூசையை வைத்துவிட்டு, மற்ற வேலை முடியும்வரை மங்கிய சிவப்பிலேயே காயவிடுவது பல இடங்களில் வழக்கம். இருட்டில் பார்த்தால் மங்கிய சிவப்பு என்பது சுமார் 550 முதல் 650 பாகை. மூசையைக் கெடுக்க இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

நான்காம் படி: காற்றும் கரியும்

சிரட்டைக்கரி உலையில் காற்றுக் குழாய் வாயிலிருந்து வரும் ஒட்சிசனைக் கரி முதலில் தின்ன வேண்டும். மூசைக்குப் போய்ச் சேரும்போது பெரும்பாலும் காபனீரொட்சைட்டும் காபனோரொட்சைட்டுமே மிஞ்ச வேண்டும். காபனீரொட்சைட்டும் காரீயத்தைத் தாக்கும்தான், ஆனால் ஒட்சிசனைவிட மிக மெதுவாக. ஆகவே குழாய் வாய்க்கும் மூசைக்கும் இடையில் எப்போதும் ஒரு கை அகலத்துக்கு, அதாவது 75 முதல் 100 மில்லிமீற்றருக்கு, எரியும் கரி இருக்கட்டும். கரி இறங்கி மூசையின் தோள் வெளியே தெரிந்தால் உடனே நிரப்புங்கள்.

மூசையை நேரே தட்டின்மேல் வைக்காமல் தீக்களிப் பீடத்தின்மேல் வையுங்கள். காற்று வாயின் மையம் பீடத்தை நோக்கி இருக்க வேண்டும், மூசையின் வயிற்றை நோக்கியல்ல. பீடத்தின்மேல் சிறிது காரீயத்தூள் தூவினால் கிளேஸ் ஒட்டாது. கேஸ், டீசல் உலையில் பர்னரைச் சுவரை ஒட்டிச் சுழலும்படி சாய்த்துப் பொருத்துங்கள். மூடித் துளையில் சிறிதளவு சோம்பலான சுவாலை எட்டிப் பார்க்கும் அளவுக்குக் காற்றைக் குறைத்து வையுங்கள். அந்த வாயுவில் நச்சான காபனோரொட்சைட்டு இருக்கும். கொட்டகையின் இரு பக்கமும் திறந்திருக்க வேண்டும், குளிருக்காகக் கதவை அடைத்துக்கொண்டு உருக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: உலோகமும் வெண்காரமும்

பித்தளையில் உள்ள நாகம் (துத்தநாகம்) 907 பாகையில் கொதிக்கும். 70-30 பித்தளை முழுதும் உருக 955 வேண்டும். வார்க்க 1,050 தொடக்கம் 1,100 போதும். அதற்கு மேலே ஏற்றினால் நாகம் வெள்ளைப் புகையாகப் போகும், மூசைக்கும் வீண் சூடு. கட்டிகளை இறுக்கித் திணிக்காதீர்கள். உலோகம் மூசையைவிட அதிகம் விரியும், நெருக்கினால் சுவரைப் பிளக்கும். ஈரமான பழைய பித்தளையை உருகிய உலோகத்தில் போட்டால் வெடித்துத் தெறிக்கும். உலைவாயில் வைத்துச் சுட்ட பிறகே இடுங்கள்.

உலோக அழுக்கைப் பிரிக்க இடும் வெண்காரத்தை (போராக்ஸ்) வெறும் மூசையில் போடுவது தவறு. உருகிய வெண்காரம் கிளேஸையும் களியையும் கரைத்துவிடும். உலோகம் உருகியபின், நடுவில், தேவையான அளவு மட்டும். உலோக மட்டத்தில் சுவரைச் சுற்றி ஒரு பள்ளம் விழுந்திருந்தால் அது காற்றின் வேலையல்ல, வெண்காரத்தின் வேலை.

ஆறாம் படி: வார்த்த பிறகு

அதிக மூசைகள் சாவது இங்கேதான். உலோகத்தை ஊற்றிவிட்டு, சிவந்த வெறும் மூசையை ஓடுகிற புளோவருக்கு முன்னே விட்டுவிடுவார்கள். காற்று வேகமாகவும், மூசை 800, 700, 600 என்று நடுச்சூட்டில் மெல்ல இறங்கிக்கொண்டும் இருக்கும். கிளேஸ் கட்டியாகி வெடிக்கத் தொடங்கியிருக்கும். உள்ளும் புறமும் எரியும்.

மாறாக, முதலில் புளோவரை நிறுத்துங்கள். மிச்ச உலோகத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு கைப்பிடி சிரட்டைக்கரியை மூசைக்குள் போட்டு மூடியால் மூடுங்கள். உள்ளே இருக்கும் ஒட்சிசனை அந்தக் கரி வாங்கிக்கொள்ளும். காற்றுக் குழாயின் வாயையும் அடைத்துவிட்டால் உலை தானாக ஆறும். அடுத்த வார்ப்பு உடனே என்றால், சூடு குறையுமுன் உலோகம் இட்டுவிடுங்கள். ஒரு நாளில் ஐந்து தொடர் வார்ப்பு, ஐந்து நாளில் ஒவ்வொன்றாக வார்ப்பதைவிட மூசைக்கு நல்லது. நடுச்சூட்டை ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கினால் போதுமே.

எரிப்பை அளந்து பார்க்கும் முறை

மின்னுலையும் 0.01 கிராம் காட்டும் நகைத் தராசும் இருந்தால் போதும். உடைந்த, ஆனால் எரியாத களி-காரீய மூசையிலிருந்து 20 மில்லிமீற்றர் கனசதுரங்கள் மூன்றை வெட்டுங்கள். தூசு முகத்தில் படாமல் முகக்கவசம் அணிந்து, நீர்விட்டு வெட்டுங்கள். 110 பாகையில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, எடை பார்த்துக் குறியுங்கள். ஒன்றை 600இலும், மற்றதை 800இலும், மூன்றாவதை 1,000இலும் நான்கு மணி நேரம் வையுங்கள். உலைக்கதவில் சிறு இடைவெளி இருக்கட்டும், காற்று வர வேண்டும். ஆறியதும் எடை பார்த்து, நடுவில் பிளந்து பாருங்கள்.

கணக்கு இப்படி. துண்டின் கனவளவு 8 கன சென்ரிமீற்றர், மேற்பரப்பு 24 சதுர சென்ரிமீற்றர். எடை 13.60 கிராம், காரீயம் நூற்றுக்கு 40 என்றால் அதில் 5.44 கிராம் காரீயம். சூட்டுக்குப் பின் எடை 12.92 என்று வைத்துக்கொள்வோம். இழப்பு 0.68 கிராம், அதாவது இருந்த காரீயத்தில் எட்டில் ஒரு பங்கு. அது முழுதும் வெளித்தோலிலேயே எரிந்திருந்தால், வெள்ளைத் தோல் ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர் தடிப்பாக இருக்க வேண்டும். பிளந்த முகத்தில் வேர்னியர் அளவுகோல் வைத்துப் பாருங்கள். 0.4 அளவில் தெளிவான கோடு தெரிந்தால் எரிப்பு மேலோடு நின்றிருக்கிறது. கோடே இல்லாமல் முகம் முழுதும் சற்றே சாம்பல் நிறமாகி, விரலில் மை குறைவாக ஒட்டினால், அதே 0.68 கிராம் உடம்பு முழுதிலுமிருந்து போயிருக்கிறது. இரண்டாவதுதான் ஆபத்தானது. 600 பாகைத் துண்டையும் 1,000 பாகைத் துண்டையும் பக்கத்தில் வைத்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

சிலிக்கன் காபைட்டு மூசையில் தராசை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு கிராம் சிலிக்கன் காபைட்டு சிலிக்காவானால் அரைக் கிராம் எடை கூடும். அதே நேரம் அரைக் கிராம் காரீயம் எரிந்திருந்தால் தராசு "மாற்றமில்லை" என்று சொல்லும். பிளந்து பார்ப்பதும் தட்டிக் கேட்பதும் அங்கே கட்டாயம்.

மூசை சொல்லும் அடையாளங்கள்

ஒரு பக்கம் மட்டும் வெளிறிக் குழிந்திருந்தால் காற்று வாய் அல்லது சுவாலை அந்தப் பக்கம் நேரே அடிக்கிறது. மூசையை ஒவ்வொரு வார்ப்புக்கும் கால் வட்டம் திருப்பி வைக்கலாம், ஆனால் சரியான மருந்து குழாயைத் திருத்துவதுதான். வெளிப்புறம் முழுதும் முதலைத்தோல்போல வெடித்திருந்தால் கிளேஸ் நெடுநேரம் நடுச்சூட்டில் இருந்திருக்கிறது. விளிம்பு மட்டும் மெலிந்தால் கரி மட்டம் போதாது, அல்லது மூடி சரியில்லை. மேலிருந்து கீழாக ஒற்றை வெடிப்பு என்றால் ஈரம், அல்லது திணித்த உலோகம்.

முன்பைவிட உருக அதிக நேரம் எடுப்பது எல்லாவற்றிலும் முந்தி வரும் எச்சரிக்கை. காரீயம் போன தோல் வெப்பத்தை நன்றாகக் கடத்தாது. உள்ளே சூடேற வெளியே இன்னும் காற்றைக் கூட்டுவோம், அதனால் இன்னும் எரியும். ஒவ்வொரு வார்ப்புக்கும் உருகிய நேரத்தைச் சுவரில் எழுதி வைத்தால் இது தவறாமல் பிடிபடும்.

வெளிறிய தோலுக்கு மேலே களிக்குழம்பு பூசி ஒப்பேற்றுவது பயன் தராது. துளைகளுக்குள் ஏற்கெனவே காற்று இருக்கிறது, கீழே பிடிப்பில்லாத தோல் பூச்சையும் சேர்த்து உதிரும்.

விமான எஞ்சின்களுக்குச் செய்யும் சிலிக்கன் காபைட்டு நார்க் கலப்புகளிலும் நடுச்சூட்டில் உள்ளே கெடும் இதே பிரச்சினைதான். 2016இல் சேவைக்கு வந்த லீப் என்ற பயணிகள் விமான எஞ்சினின் விசைச்சுழலி உறையில் அப்பொருள் இருக்கிறது. நாருக்கும் உடம்புக்கும் இடையில் இருக்கும் மெல்லிய போரன் நைத்திரைட்டுப் படலத்தை, 700, 800 பாகையில் மயிரிழை வெடிப்புகள் வழியே புகும் ஒட்சிசனும் நீராவியும் தின்றுவிடும். மேலும் சூடேறினால் கண்ணாடி உருவாகி வெடிப்பை அடைக்கும். பொருள் பல மடங்கு விலை, கெடும் வழி ஒன்று.

எப்போது ஒதுக்குவது

வெள்ளைத் தோல் சுவர்த் தடிப்பின் மூன்றில் ஒரு பங்கை எட்டினால், அல்லது தட்டும்போது ஒலி மந்தமானால், அந்த மூசையில் மறுபடி உலோகம் உருக்காதீர்கள். நிறைந்த மூசை இடுக்கியில் உடைந்தால் 1,000 பாகைப் பித்தளை காலில் விழும். ஒதுக்கிய மூசையை வீசவும் வேண்டாம். உட்புறம் ஒட்டிய உலோகத்தையும் கண்ணாடிப் படிவையும் கொத்தி எடுத்துவிட்டு, உடைத்து 3 மில்லிமீற்றர் சல்லடையில் சலித்து, தீக்களிமண்ணோடு பாதிக்குப் பாதி பிசைந்தால் உலைச் சுவர் பூசவும் பீடம் வனையவும் அருமையான கலவை. ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, பிறகு சிறு நெருப்பில் சுட்டுப் பயன்படுத்துங்கள்.